கூடுவதும் கூடிச் செயலாற்றுவதும்

(பேராதனையில் இந்து வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



குன்றின்மேற் கோயில் கொண்டு பேராதனைக்கு அருள்பாலிக்கும் குறிஞ்சிக் குமரனின் திருவடிகளை முதற்கண் வணங்குகின்றோம்.

சமயச் சங்கமொன்றின் மேடையில் நின்று, கணினி மென்பொருள் ஆக்குவோர் எவ்வாறு கூட்டம் நடத்துகின்றனர் என்பது பற்றிப் பேசவேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது நாம் சிறிது தயங்கினோம். சித்தாந்தம் பற்றியோ திருமுறைகளின் பெருமை பற்றியோ பேசத்தக்க அறிஞர் பலர் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். கணினியின் முன்னிருந்து வயிறு வளர்க்கும் நமக்கு இங்கு என்ன வேலை என்று எண்ணினோம். ஆயினும் காரியதரிசி சொன்ன ஒரு வார்த்தை நமது தயக்கத்தைப் போக்கிற்று. “சென்ற வருடம் நாம் எத்தனை கூட்டம் கூடினோம் என்பது அறிக்கையில் இருக்கிறது. அக்கூட்டங்களால் என்ன நடந்தது என்பதுதான் அறிக்கையில் இல்லை” என்றார் அவர். இப்படித் தம் குறையைத் தாமே காணும் சங்கத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆகவே வந்தோம்.

முதலில் நமது குறையையும் சொல்லிவிடுகின்றோம். பல வருடங்களுக்கு முன்னர், மலைநாட்டு ஊரொன்றில் இயங்கிய ஒரு சங்கத்தின் நிர்வாக சபையில் நாமும் இருந்தோம். தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்கென அன்பர் சிலர் மனமுவந்து கொடுத்த பணம் வங்கியிலே கிடந்தது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்த ஒரு பெண்பிள்ளை, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு நாள்தோறும் பஸ்ஸில் வந்துபோக உதவி கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். முதற் கூட்டத்தில் ஆண்டுவிழா அழைப்பிதழை எந்த நிறத்தில் அச்சிடுவது என்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். பிள்ளையின் விண்ணப்பம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தனாதிகாரி வரவில்லை. உதவி வழங்கும் விதிகளை ஆராய ஓர் உபகுழு நியமித்தோம். அந்த உபகுழுவை யார் கூட்டுவது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. ஐந்தாம் மாதம் தீர்மானம் பிரேரிக்கப்பட்டு, ஆமோதிக்கப்பட்டு, ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டினோம். காசோலையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனபோது, பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பிலே கடையொன்றில் வேலைக்குப் போய் ஆறு வாரமாகிவிட்டது என்று அவள் தாயார் சொன்னார். எங்களை உட்காரச் சொல்லித் தேநீரும் தந்தார். அத்தேநீரைக் குடித்தது இன்றும் தொண்டையில் நிற்கின்றது.

அன்பர்களே, அச்சபையில் அப்பிள்ளைக்கு எதிராக ஒருவர்கூடப் பேசவில்லை. யாவரும் நல்லவர், யாவரும் கடவுள் பக்தி உடையவர். பணமும் இருந்தது. இல்லாதது யாது? கூடிய கூட்டத்தைச் செயலாக மாற்றும் முறை இல்லை. அந்த முறையைத்தான் பின்னர் நாம் தொழில் புரிந்த இடத்திலே, நமக்குச் சற்றும் எதிர்பாராத விதமாக, கற்கவேண்டி வந்தது.

மென்பொருள் ஆக்கும் தொழிலில் முன்னர் இருந்த வழக்கம் இதுதான். செய்யவேண்டியன அனைத்தையும் முதலிலேயே எழுதி, பின்னர் வரைபடம் இட்டு, பின்னர் ஆக்கி, பின்னர் சோதித்து, ஈற்றில் வாடிக்கையாளரிடம் கொடுப்பர். மேலிருந்து கீழே விழும் அருவிக்கு இதனை ஒப்பிடுவர். அருவியின் நீர் திரும்ப மேலேறாது அல்லவா? அவ்வாறே ஒரு படியில் நேர்ந்த பிழை அடுத்த படியிற் பெருகும். இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்து கொடுத்த பின்னர், “நாங்கள் கேட்டது இதுவன்று” என்று வாடிக்கையாளர் சொல்வார். அல்லது, “நாங்கள் கேட்டது இதுதான், ஆனால் இப்போது எங்களுக்குத் தேவை வேறு” என்பார்.

இதற்கு மாற்றுத் தேடியவர் பலர். 1986ஆம் ஆண்டிலே தக்கேயுச்சி, நொனாக்கா என்னும் யப்பானியப் பேராசிரியர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கனன், ஹொண்டா முதலிய கம்பெனிகள் புதிய பொருள்களை எவ்வாறு விரைவிலே ஆக்கின என்று ஆராய்ந்த அவர்கள், அஞ்சலோட்டத்திலே கோலை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றுவது போலன்றி, றகர் விளையாட்டிலே முழு அணியும் ஒன்றாகப் பந்தோடு முன்னேறுவது போல அக்குழுக்கள் உழைத்தன என்று எழுதினர். அந்த உவமையிலிருந்தே ‘ஸ்கிரம்’ என்னும் பெயர் இத்தொழிலுக்குள் வந்தது. ஜெஃப் சதர்லன்ட், கென் ஷ்வேபர் என்னும் அமெரிக்கர் இருவரும் 1995ஆம் ஆண்டில் அதனை ஒரு முறையாக வகுத்து மாநாடொன்றில் வெளியிட்டனர். 2001ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் பதினேழு பேர் கூடி, நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கோட்பாடுகளும் கொண்ட ஒரு பிரகடனத்தைச் செய்தனர். அதனையே ‘அஜைல்’ பிரகடனம் என்பர். அஜைல் என்றால், உடம்பை நினைத்த பக்கம் இலகுவாகத் திருப்பவல்ல சுறுசுறுப்பு என்று பொருள் கொள்ளலாம்.

கண்டியில் வாழ்வோருக்கு ஸ்கிரம் என்பதை விளக்கவும் வேண்டுமோ! நித்தவெலை மைதானத்தில் றகர் பார்க்காதவர் இவ்வூரில் மிகச் சிலரே. ஓரணிக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்துத் தலை குனிந்து தள்ளும் அக்காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சொற்பொழிவு இல்லை. நன்றியுரை இல்லை. ஆயினும் ஒருவர் கால் வழுக்கினால் அக்கணமே மற்ற எழுவருக்கும் அது தெரிந்துவிடும். நல்ல கூட்டத்தின் இலக்கணமும் அதுவே. ஒருவருக்கு நேர்ந்த தடை, காலம் தாழ்த்தாது அனைவருக்கும் தெரிந்துவிட வேண்டும்.

ஸ்கிரம் முறையில் ஒரு மாதம், அல்லது அதற்குக் குறைந்த காலத்தை ஓர் ஓட்டமாகக் கொள்வர். ‘ஸ்பிரின்ட்’ என்பது அதன் பெயர். குழு பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேற்படாது. ஒவ்வோர் ஓட்டத்திலும் நான்கு வகைக் கூட்டம் உண்டு. அவை நான்கும் நான்கு வெவ்வேறு வினாக்களுக்கு விடை காண்பதற்கென அமைந்தவை. இதனை நன்கு மனங்கொள்ள வேண்டுகின்றோம். ஏனெனில் நமது சங்கக் கூட்டங்களிலே நான்கு வினாக்களையும் ஒரே கலயத்தில் இட்டுக் கிண்டுகின்றோம்.

முதலாவது, திட்டமிடும் கூட்டம். இவ்வோட்டத்திலே எதனைச் செய்யப்போகின்றோம், ஏன் செய்யப்போகின்றோம் என்பது அதன் வினா. ஒரு மாத ஓட்டத்துக்கு எட்டு மணித்தியாலம் அதன் மேல் எல்லை. இங்கு கவனிக்கவேண்டியது, எவ்வளவு வேலையை ஏற்பது என்பதைச் செய்பவரே தீர்மானிப்பர். மேலிருப்பவர் சுமத்துவதில்லை. நமது சபைகளிலோ, கூட்டத்துக்கு வராத ஒருவரின் தலையிலே வேலையைக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. வந்தவர் அனைவரும் அதனை ஏகமனதாக ஆமோதிப்பர்!

இரண்டாவது, நாளாந்தக் கூட்டம். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம். அவ்வளவுதான். பலர் இதனை நின்றுகொண்டே நடத்துவர். கால் நோகத் தொடங்குமுன் பேச்சு முடியும் என்பது கருத்து. முன்னர் ஒவ்வொருவரும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்வது வழக்கமாயிருந்தது. நேற்று என் செய்தேன், இன்று என் செய்வேன், எனக்குத் தடை யாது என்பன அவை. 2020இல் வெளிவந்த ஸ்கிரம் வழிகாட்டியிலே அந்த மூன்று வினாக்களும் நீக்கப்பட்டுவிட்டன. வினாக்களில் பிழை இருந்தது என்பதனால் அன்று. மந்திரம் போல ஒப்புவிக்கும் பழக்கம் பலவிடங்களிலே தோன்றிவிட்டிருந்தது. குறிக்கோளை நோக்கிப் போகின்றோமா என்று பார்ப்பதே அக்கூட்டத்தின் உயிர்.

இவ்விடத்திலும் நமது குற்றமொன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. நாம் நடத்திய குழுவொன்றிலே நானுஓயாப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞன் இருந்தான். கெட்டிக்காரன், ஆனால் வாய் திறந்து பேசமாட்டான். காலைக் கூட்டம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தது. அவனுடைய முறை வரும்போது, “நேற்றைய வேலை தொடர்கிறது” என்பான். நாமும் தலையசைத்துப் பெயருக்கு நேரே ஓர் அடையாளம் இடுவோம். எட்டு நாள் இவ்வாறு கழிந்தது. ஒன்பதாம் நாள் தேநீர் வேளையில், குழுவிலிருந்த ஒரு தங்கையிடம் அவன் தமிழிலே விஷயத்தைச் சொல்லியிருக்கின்றான். ஒரு தரவுத்தளத்தைத் திறக்க அவனுக்கு அனுமதி வழங்கப்படவில்லை. அதற்கு வேண்டியது ஒரேயொரு தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்பை எடுக்கவேண்டியவர் நாமே! எட்டு நாளும் அவன் நமக்கு ஐந்தடி தூரத்தில் நின்றான். “ஏன் தம்பி சொல்லவில்லை?” என்று கேட்டோம். “நீங்கள் கேட்கவில்லையே அண்ணா” என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. நாம் அவனைப் பார்த்து நின்றோம். அவன் நமக்கு அறிக்கை செலுத்தினான். கூட்டம் குழுவுக்காக நடக்கவில்லை, நமக்காக நடந்தது. அதிகாரியின் முகம் பார்த்துப் பேசும் கூட்டத்திலே குறை வெளிவராது. அன்று தொடக்கம் நாம் இரண்டு மாற்றங்கள் செய்தோம். நாம் வட்டத்துக்கு வெளியே நின்றோம். தடை உள்ளவர் முதலிலே, அவருக்கு வாய்ப்பான மொழியிலே பேசட்டும் என்றோம். ஒருவர் மொழிபெயர்க்க அரை நிமிடம் போதும். எட்டு நாளோடு ஒப்பிட்டால் அரை நிமிடம் எம்மட்டு?

மூன்றாவது, மீள்பார்வைக் கூட்டம். செய்து முடித்ததை, அதைப் பயன்படுத்துவோரிடமே காட்டிக் கருத்துக் கேட்பது. நான்கு மணித்தியாலம் இதன் மேல் எல்லை. செய்யப்போவதைப் பற்றிய அழகிய பேச்சுக்கு இங்கு இடமில்லை, செய்ததைக் காட்டவேண்டும். நான்காவது, பின்னோக்குக் கூட்டம். நாம் எவ்வாறு வேலை செய்தோம், அடுத்த முறை எதனைத் திருத்தலாம் என்பது அதன் வினா. மூன்று மணித்தியாலம் எல்லை. நோர்மன் கேர்த் என்பார் 2001இல் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய கூட்டத்துக்கு ஒரு தலையாய நெறி கூறினார். அன்று இருந்த அறிவையும் வசதியையும் கொண்டு ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் செய்தனர் என்று நம்பிக்கொண்டே உட்கார வேண்டும் என்பது அதன் கருத்து. குற்றவாளியைத் தேடும் கூட்டத்தில் எல்லோரும் வக்கீலாகிவிடுவர். உண்மை சொல்ல ஆள் இருக்காது.

இவ்வளவு கூட்டமா என்று நீங்கள் மலைக்கலாம். கணக்குப் பார்ப்போம். எட்டும் நான்கும் மூன்றும் பதினைந்து மணித்தியாலம். இருபது வேலை நாளுக்குப் பதினைந்து நிமிட வீதம் ஐந்து மணித்தியாலம். மொத்தம் 20. நாளுக்கு எட்டு மணித்தியாலமாக மாத வேலை 160 மணித்தியாலம். ஆகவே மேல் எல்லையளவு கூடினாலும் எட்டில் ஒரு பங்கே கூட்டம். மீதி ஏழு பங்கும் வேலை. நமது சங்கங்களிலே இந்த விகிதம் எப்படி இருக்கின்றது என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்துள்ளே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

குழுவை ஏன் சிறிதாக வைக்கின்றனர் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐபிஎம் கம்பெனியிலே பெரிய மென்பொருள் வேலையொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியிருக்கின்றார். ஐவர் இருந்தால் இருவர் இருவராய்ப் பேசத்தக்க தொடர்புகள் பத்து. பத்துப்பேர் இருந்தால் 45. பதினைந்து பேர் இருந்தால் 105. ஆள் மும்மடங்கானால் பேச்சு பத்து மடங்குக்கு மேலாகின்றது. பிந்திப்போன வேலைக்கு மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று அவர் சொன்னது இதனாலேதான். பிந்திப்போன விழாவுக்கு இன்னுமோர் உபகுழு நியமிக்கும் நமக்கு இது நல்ல பாடம்.

நமது நாட்டுச் சான்று ஒன்றையும் கூறவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியது. இலங்கையிலே 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. யார் எந்த முகாமில் இருக்கின்றனர், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கு உதவுகின்றது, எங்கு என்ன தேவை என்பதொன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை. அவ்வேளையிலே இந்நாட்டுக் கணினித் துறையினர் தொண்டர்களாகக் கூடி, சில வாரங்களுக்குள் ‘சகன’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் அதனைப் பேணியது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனப் பதிவு, தேவைக் கோரிக்கை என்று பகுதி பகுதியாக அது அமைந்தது. அம்மென்பொருளைக் கட்டணமின்றி யாவரும் பெறலாம். பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

இதிலே நாம் காணவேண்டியது யாது? கடல் பொங்கிய பின்னர் இரண்டு வருடத் திட்டம் போட எவருக்கும் அவகாசமில்லை. இன்று மிக வேண்டியது எது என்று கண்டு, அதைச் சிறிதாகச் செய்து, கொடுத்து, குறை கேட்டு, திருத்தி, மீண்டும் கொடுக்க வேண்டும். உண்மையான தேவை முன்னே நிற்கும்போது மனிதர் இயல்பாகவே சுருக்கமாகப் பேசுகின்றனர். அழைப்பிதழின் நிறம் அங்கே நினைவுக்கு வருவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு வந்ததும் ஒரு கடல்கோள்தான். அவள் லயத்துக்குள் மட்டும் வந்தது. ஆகையால் நமக்கு ஓசை கேட்கவில்லை.

சிறிய விஷயத்துக்கு நீண்ட பேச்சும் பெரிய விஷயத்துக்குக் குறுகிய பேச்சும் நிகழ்வது ஏன் என்பதை பார்க்கின்சன் என்னும் ஆங்கிலச் சரித்திராசிரியர் 1957இல் வெளிவந்த நூலில் நகைச்சுவையோடு எழுதினார். அக்காலத்தில் அவர் நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரிலே பேராசிரியராக இருந்தார். அவர் கற்பனை செய்த ஒரு சபையிலே அணு உலையொன்று இரண்டரை நிமிடத்தில் நிறைவேறிவிடும். சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதம் நடக்கும். அணு உலையை அறிந்தவர் சிலர். கொட்டகையை அறியாதவர் எவருமிலர். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்திலேதான் எல்லோரும் பேசுவர். ஆகவே நிகழ்ச்சி நிரலிலே பாரமான விஷயம் முதலில் வரவேண்டும். நிறமும் சிற்றுண்டியும் ஈற்றில் வரவேண்டும், அல்லது ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

சகோதர சகோதரிகளே, இவையெல்லாம் மேல்நாட்டார் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அதே வேளையில், எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டது என்று மார்தட்டுவதும் தகாது. இரண்டுக்கும் நடுவே நின்று பார்ப்போம். இருக்கு வேதம் பத்தாம் மண்டலத்தின் கடைசிச் சூக்தம் ஒற்றுமை பற்றியது. கூடி நடத்தலை அது முதலிலும், கூடிப் பேசுதலை அதன் பின்னரும் வைக்கின்றது. நடையில்லாத பேச்சு அங்கே இல்லை. வள்ளுவப் பெருந்தகை அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். நம் அயலவராகிய பௌத்தர் போற்றும் மகாபரிநிப்பான சுத்தத்திலே, வஜ்ஜி நாட்டார் அடிக்கடி கூடுவதையும், ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைவதையும் புத்தர் அவர்களது வாழ்வுக்கு ஏதுவாகக் குறிப்பிடுகின்றார். ஒற்றுமையாகக் கலைதல் என்பதைச் சிந்தியுங்கள். நமது கூட்டங்களுக்குப் பின்னர் வாசலிலே நடக்கும் இரண்டாம் கூட்டத்தை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

திருநெல்வேலிச் சீமையிலே மானூர் என்னும் ஊரில், ஏறக்குறைய கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. மாறஞ்சடையன் என்னும் மன்னன் காலத்தது. ஊர்ச் சபை எவ்வாறு கூடவேண்டும் என்று அதிலே விதித்திருக்கின்றனர். சபையில் வரும் எந்தக் காரியத்துக்கும் ‘இல்லை, இல்லை’ என்றே மறுத்துக் குழப்புபவரும் அவருக்குத் துணைநிற்பவரும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. இன்று அவ்விதியை அமல்படுத்தினால் நமது சங்கங்களின் கட்டட நிதி ஒரே வருடத்தில் நிரம்பிவிடும்!

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இதனினும் புகழ் வாய்ந்தவை. முதலாம் பராந்தக சோழன் காலத்திலே 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்டவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் ஆள் தெரிந்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அமர்த்தினர். பதவிக்காலம் 360 நாள். ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையிலே, எல்லோரும் காண வாங்கவேண்டும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. சிறு குழு, குறித்த காலம், எல்லோர் கண்முன்னும் காரியம், கணக்குக் காட்டல் என்னும் நான்கும் அங்கே இருக்கின்றன. எனினும் உண்மையையும் மறைக்கலாகாது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அச்சபை உரியதாயிருந்தது. மண்ணிலே உழைத்தவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை. அவர்களது முறையைக் கற்போம். அவர்கள் மூடிய கதவைத் திறப்போம்.

கதவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, “சகோதரிகளுக்கு ஆர்வமில்லை” என்கின்றோம். கலஹா வீதியால் தோட்டத்துக்குப் போகவேண்டிய இளைஞன் கடைசி பஸ்ஸை எண்ணி இடையிலே எழுந்து போனால், “பொறுப்பில்லாதவன்” என்கின்றோம். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது என்பதைத் தீர்மானிக்கின்றன. குறித்த நேரத்தில் முடித்தல் வெறும் மரியாதை அன்று, அது நீதி.

அப்படியாயின் நமது சங்கம் செய்யக்கூடியது யாது? சில கூறி அமைகின்றோம். நிகழ்ச்சி நிரலிலே தலைப்பை எழுதாது வினாவை எழுதுங்கள். ‘கல்வி நிதி’ என்று எழுதினால் எல்லோரும் கல்வியின் சிறப்பைப் பேசுவர். ‘இவ்விண்ணப்பத்துக்கு இன்று எவ்வளவு கொடுப்பது?’ என்று எழுதினால் விடை சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் நிமிடத்தைக் குறியுங்கள். முடிவு எழுதும்போது செயல், செய்பவர் பெயர், நாள் என்னும் மூன்றையும் எழுதுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது முடிவன்று, ஆசை. வராதவர் பெயரை எழுதாதீர்கள். ‘செய்ய வேண்டியது, செய்வது, செய்தது’ என்று மூன்று பத்திகள் இட்ட பலகையொன்றைச் சுவரிலே மாட்டுங்கள். அதைப் பார்த்தாலே பாதிக் கூட்டம் குறையும். பேச்சிலே இளையவரை முதலில் விடுங்கள். தலைவர் முதலிலே கருத்துச் சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் அதன் எதிரொலியாகவே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறு அலுவல் எதுவும் வைக்காது, ‘நாம் எவ்வாறு வேலை செய்தோம்?’ என்ற ஒரே வினாவோடு ஒரு மணி நேரம் இருங்கள். ஒரேயொரு குறையைத் தெரிந்து, அடுத்த மூன்று மாதத்தில் அதைத் திருத்துங்கள்.

எச்சரிக்கை இரண்டு உண்டு. பொருளறியாது செய்யும் கிரியை எப்படிப் பயனற்றதோ, அப்படியே பொருளறியாது நின்றுகொண்டு பேசும் கூட்டமும் பயனற்றது. பலகையும் மணிக்கூடும் அஜைல் ஆகா. அம்முறையைக் கைக்கொண்ட பெரிய கம்பெனிகளிலேயே கூட்டத்தின் மேல் கூட்டமாகி, வேலை செய்ய நேரமில்லை என்று இளைஞர் புலம்புவதை நாம் அறிவோம். மற்றையது, எல்லாக் கூடுதலும் அலுவலுக்காக அன்று. கூட்டுப் பிரார்த்தனைக்கும் புராண படனத்துக்கும் துக்க வீட்டுக்கும் நிமிடம் குறிக்கவேண்டாம். அலுவலை விரைவில் முடிப்பதே இவற்றுக்கு நேரம் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவுக்கு உங்களிற் பலர் போயிருப்பீர்கள். மாசி மகத்திலே ஐந்து தேர் வீதி வரும். வடம் பிடிப்பவர் ஆயிரவர். கோஷம் போடுபவர் அதனினும் அதிகம். ஆனால் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கும் சிலரைக் கவனித்தீர்களா? தேர் எந்தப் பக்கம் சாய்கின்றது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். அவர்கள் குரல் கொடுத்ததும் வடம் நிற்கவேண்டும். கட்டையை எடுத்ததும் வடம் அசையவேண்டும். அக்குரல் கோஷத்திலே அமிழ்ந்துபோனால் தேர் ஓடாது; ஓடினாலும் நிலைக்கு வராது. கூட்டம் என்பது அந்தக் குரலைக் கேட்பதற்காகக் கோஷத்தைச் சற்று நிறுத்துவதே.

நானுஓயாத் தம்பியின் குரலை நாம் எட்டு நாள் கேட்கவில்லை. அவன் இன்று ஒரு குழுவை நடத்துகின்றான். அது நமக்கு ஆறுதல். அந்தப் பெண்பிள்ளையின் குரலை ஐந்து மாதம் கேட்கவில்லை. அதற்கு ஆறுதல் எதுவும் இல்லை. ஈடு செய்யவும் இயலாது. இயன்றது ஒன்றே. உங்கள் காரியதரிசியின் மேசையில் இன்றும் விண்ணப்பங்கள் இருக்கக்கூடும். இந்தக் கூட்டம் முடிந்து, தேநீர் அருந்துமுன், அவற்றுள் ஒன்றையாவது எடுத்து, யார், என்ன, எந்நாள் என்று எழுதிவிட்டு எழுந்திருங்கள். நமது பேச்சுக்கு நீங்கள் செய்யும் நன்றியுரை அதுவாக இருக்கட்டும்.

குறித்த நேரத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கின்றது. அதனை உங்களுக்கே தந்து விடைபெறுகின்றோம்.